தாத்தா போர்க்கைதியாக இருந்தாரா? எந்த ஆபீசில் கேட்டால் என்ன கிடைக்கும்

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட தாத்தாவைத் தேடக் கிளம்புகிறவர்களில் பலர் முதல் கடிதத்தை லண்டனுக்குத்தான் போடுகிறார்கள். பணமும் நாலைந்து மாதமும் அங்கேயே போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்த சிப்பாயின் சொந்தத் தாள்கள் லண்டனுக்குப் போகவே இல்லை. அவை இருந்தால் பெங்களூரிலோ, நீலகிரி வெலிங்டனிலோ, ஜபல்பூரிலோ உள்ள ராணுவ ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். லண்டனில் கிடைப்பது அவர் இருந்த முகாமின் கதை. ஆளின் கதையும் முகாமின் கதையும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன என்பது புரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். எந்த ஆபீசில் என்ன கிடைக்கும் என்ற இந்த மதிப்பீடும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். "பர்மாவுல இருந்தாரு", "ஜப்பான்காரன் பிடிச்சுட்டான்" என்று அத்தையோ பெரியப்பாவோ சொல்வதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. ஊர்ப் பேச்சில் கடல் தாண்டிய இடமெல்லாம் பர்மா, இல்லையென்றால் சிங்கப்பூர். பதக்கம் பொய் சொல்லாது. ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவளையத்திலேயே பெயர் வார்த்திருக்கும். பசிபிக் ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நடந்த மலாயா, சிங்கப்பூர் சண்டையில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் வட ஆப்பிரிக்கா. அங்கே பிடிபட்டவர் முதலில் இத்தாலிக்கும், 1943-க்குப் பிறகு ஜெர்மனிக்கும் போயிருப்பார். எழுத்து தேய்ந்திருந்தால் நாடாவைப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு மணல் நிறம், நடுவில் அகலச் சிவப்பு. பசிபிக்குக்கு நடுவில் மஞ்சள், ஓரங்களில் சிவப்பு.

கைதி அஞ்சலட்டை இருந்தால் அது தங்கம். "பி.ஜி." (போர்க்கைதி என்பதன் இத்தாலியச் சுருக்கம்) என்று போட்டு எண் இருந்தால் இத்தாலிய முகாம். பி.ஜி. 91 என்பது அவெட்சானோ, இந்தியக் கைதிகளை வைத்திருந்த இடம். ஸ்டாலாக் என்று அச்சிட்டு ரோமன் எண் இருந்தால் ஜெர்மனி. அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். தணிக்கை முத்திரை, கைதி எண், முகாம் எண் எல்லாம் முகவரிப் பக்கத்தில்தான் இருக்கும். பலர் செய்தி உள்ள பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் படை எண். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பழைய மணியார்டர் ரசீது, எதிலாவது அது ஒளிந்திருக்கும். பென்ஷன் வாங்கியவரென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் ஒரு வரி இருக்கக்கூடும். ஆறுமுகம் ஆயிரம் பேர் உண்டு, எண் ஒன்றுதான்.

இப்போது ரெக்கார்ட் ஆபீஸ்கள். செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டால் இந்தியப் படையில் இருந்த தாத்தாவுக்கு இதுதான் முதல் இடம். எந்த ஆபீஸ் என்பது அவர் இருந்த படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூர் அல்சூர் ஏரியை ஒட்டிய எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) மையம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ, ஆர்ட்னன்ஸ் (ஆயுதக் கிடங்குப் பிரிவு) செகந்திராபாத், பயோனியர் (உடலுழைப்புப் பிரிவு) பெங்களூர், சப்ளை கோர் என்றால் தெற்குப் பகுதிக்குப் பெங்களூர். தமிழர்கள் துப்பாக்கிப் படையில் மட்டும் இருக்கவில்லை. லாரி ஓட்டியவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், பாலம் கட்டியவர், ரோடு போட்டவர் என்று எல்லா இடத்திலும் இருந்தார்கள். அதனால் "மெட்ராஸ்காரர், எனவே மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்று ஊகித்து வெலிங்டனுக்கு எழுதினால் "எங்கள் பதிவில் இல்லை" என்ற ஒற்றை வரி வரும். ஆளே படையில் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வேறு கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே பெரும்பாலானோர் தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு. பென்ஷன் இல்லாமல் விடுவிக்கப்பட்டவரின் சர்வீஸ் தாள்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்ததும் 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. ஆகவே "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று கேட்டால், "விதிப்படி அழிக்கப்பட்டது" என்று பதில் வரும், அதுவும் உண்மையாகவே இருக்கும். ஆனால் லாங் ரோல் என்ற பேரேட்டை அழிப்பதில்லை. அது நிரந்தரமாக வைக்கவேண்டிய புத்தகம். எண், பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் என்று ஆளுக்கு ஒரு வரி. விண்ணப்பத்தில் "லாங் ரோல் பதிவின் நகல்" என்று அந்தச் சொல்லையே எழுதிக் கேட்க வேண்டும். கேட்காத பேரேட்டை எந்த எழுத்தரும் எடுத்துப் பார்க்கமாட்டார்.

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் இணைய வாயிலிலேயே இந்திய ராணுவத்தைத் தேர்ந்து போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தால் பிரிவு 8(3)-ஐச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் 8(1)-ல் உள்ள மூன்று விலக்குகள் மட்டுமே செல்லும், தனிப்பட்ட தகவல் என்ற விலக்கு அந்த மூன்றில் இல்லை. உறவுக்குச் சான்று கேட்டால், வாரிசுச் சான்றிதழில் பேரன் பேத்தி பெயர் பெரும்பாலும் இருக்காது. தாத்தாவின் வாரிசுச் சான்றில் அப்பா பெயர், உங்கள் பிறப்புச் சான்றில் அப்பா பெயர், இரண்டையும் சேர்த்து வைத்தால் சங்கிலி முடிந்தது. கேள்வியும் சுருக்கமாக இருக்கட்டும். எண், பெயர், சேர்ந்த ஆண்டு, ஊர், பழைய மாவட்டம் போதும். மாவட்டம் அன்றைய பெயரில் இருக்க வேண்டும்: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, ராம்நாடு. "திருவண்ணாமலை மாவட்டம்" என்று 1941-ன் பேரேட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தாத்தா திரும்பி வரவில்லை என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தை மிஞ்சிய இலவசச் சேவை இல்லை. உயிரோடு திரும்பியவர் பெயர் அதில் இருக்காது, அதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதன் ஒரே சிக்கல் நம் பெயர்கள். தமிழ்ச் சிப்பாய்க்குக் குடும்பப் பெயர் இல்லாததால் ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டலோ அந்தந்த எழுத்தரின் காதைப் பொறுத்தது. சுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாகத் தேடவேண்டியிருக்கும். அதைவிட நல்ல வழி, பெயரையே போடாமல் தேடுவது. படை: இந்தியப் படை. நாடு: சிங்கப்பூர். தேதி: 1942 பிப்ரவரி 15 முதல் 1945 இறுதி வரை. வருகிற பட்டியலை எக்செல்லில் திறக்கும்படி இறக்கிக்கொண்டு, கூடுதல் தகவல் என்ற நெடுக்குப் பத்தியை மாவட்டப் பெயரால் வடிகட்டுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம், இன்ன மாவட்டம் என்று அந்தப் பத்தியில்தான் இருக்கும். பாட்டியின் பெயரும் ஊரும் சேர்ந்து வந்துவிட்டால் தாத்தாவின் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் கவலையில்லை. சிங்கப்பூர் முடிந்ததும் பப்புவா நியூ கினிக்கும் இதையே செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியர்களில் பல ஆயிரம் பேரை ஜப்பானியர் தெற்குப் பசிபிக் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ரபாவுல் பக்கத்துப் பீட்டா பாக்கா கல்லறைத் தோட்டத்தில் இந்தியப் படையினரும் இருக்கிறார்கள்.

ஜெனீவாவுக்கு எப்போது எழுதுவது? ஜெர்மானியரிடமோ இத்தாலியரிடமோ பிடிபட்டவர் என்றால் உடனே. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் போர்க்கைதிகள் மைய முகமை இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் சேர்த்த அட்டைகள் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம். பிடிபட்ட தேதி, முகாம், கைதி எண், இடமாற்றம் எல்லாம் அட்டையில் வரும். ஆனால் கோரிக்கைப் படிவம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. குறிப்பிட்ட நாளில் திறப்பார்கள், ஒதுக்கீடு நிரம்பியதும் மூடிவிடுவார்கள். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எண், தந்தை பெயர், பிறந்த ஆண்டு எல்லாவற்றையும் முன்பே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு திறக்கும் அன்றே போட வேண்டும். தந்தை பெயர் இல்லாமல் ஒற்றைத் தமிழ்ப் பெயரை மட்டும் அனுப்பினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

ஜப்பானியரிடம் பிடிபட்டவர் என்றால் ஜெனீவாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 1929-ன் ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர உறுதிசெய்யவில்லை. கைதிகள் பற்றிய பட்டியல்களைச் செஞ்சிலுவைக்குச் சரியாகக் கொடுக்கவும் இல்லை. இந்தியர் விஷயம் இன்னும் சிக்கல். 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க் திடலில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவிடம் பிரிட்டிஷார் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து அவர்களின் தடம் ஆங்கிலேயக் கைதிகளின் தடத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. ஆங்கிலேயக் கைதிகளை வைத்திருந்த சிங்கப்பூர் சாங்கி முகாமின் பட்டியல்களில் தாத்தாவைத் தேடி ஏமாறுவது இதனால்தான்.

இனி கியூ. லண்டனின் தென்மேற்கே உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம். சேவை என்று பார்த்தால் ஒழுங்கில் இதற்கு இணை இல்லை. வாசகர் அட்டை இலவசம், அடையாளத்துக்கும் முகவரிக்கும் இரண்டு சான்று போதும். சொந்தக் கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் படமெடுக்கலாம். ஞாயிறும் திங்களும் கிடையாது. நேரில் போக முடியாதவர் நகல் கேட்டால்தான் கை சுடும். கோப்பில் எத்தனை பக்கம் என்று பார்த்துச் சொல்வதற்கே தனிக் கட்டணம், அதன் பிறகே நகலுக்கான விலை. லண்டனில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு சனிக்கிழமை அனுப்பிவையுங்கள். கோப்பு எண்ணை நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

எந்தக் கோப்பு என்பதில்தான் சூட்சுமம். போர்க்கைதி என்று தேடினால் முதலில் வருவது டபிள்யூ.ஓ. 345 (டபிள்யூ.ஓ. என்பது வார் ஆபீஸ், அதாவது போர் அமைச்சகக் கோப்பு வரிசை), ஜப்பானியர் எழுதிய ஏறத்தாழ 56,000 கைதி அட்டைகள். அடுத்தது டபிள்யூ.ஓ. 344, விடுதலையானவர்கள் நிரப்பிய சுமார் 1,40,000 கேள்வித்தாள்கள். அருமையான ஆவணங்கள், ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலேயர்களுடையவை. தமிழ்ச் சிப்பாயைத் தேடி இவற்றுக்குப் பணம் கட்டுவது சூதாட்டம். இந்தியப் படைத் தாத்தாவுக்குக் கியூவில் உருப்படியானவை வேறு. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள், மலாயாவுக்கு டபிள்யூ.ஓ. 172, மத்தியக் கிழக்குக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் டபிள்யூ.ஓ. 169. செஞ்சிலுவைக் குழுவினர் முகாம்களைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கைகள், டபிள்யூ.ஓ. 224. அவெட்சானோவில் சாப்பாடு என்ன, போர்வை எத்தனை என்பது வரைக்கும் இப்படிப்பட்ட அறிக்கைகளில்தான் தேட வேண்டும். நாட்குறிப்பில் ஓர் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். பிடிபட்ட படைப்பிரிவின் கடைசி வாரங்கள் பெரும்பாலும் இருக்காது. சரணடையும் முன் காகிதங்களை எரித்திருப்பார்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதிய அறிக்கையே மிஞ்சியிருக்கும், அதில் தேதி ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும்.

யாருக்காவது ஜப்பானிய அட்டை கிடைத்தால், படிக்கும் முறை இது. ஆண்டு ஷோவா என்ற ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும், 1925-ஐக் கூட்ட வேண்டும். 17.2.15 என்றால் 1942 பிப்ரவரி 15. குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள். பெயர் கதகானா எழுத்தில் இருக்கும். அதில் லகரம், ளகரம், ழகரம், ரகரம் நான்கும் ஒன்றுதான். பழனி என்ற பெயர் அங்கே போய்த் திரும்பி வரும்போது பரனி ஆகியிருக்கும். மொழிபெயர்ப்பவருக்குத் தமிழ்ப் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கியூவின் ஒரு வகைக் கோப்புக்கு மட்டும் லண்டன் போகவே வேண்டாம். சிங்கப்பூரில் 1946 முதல் 1948 வரை நடந்த 131 போர்க்குற்ற வழக்குகளின் விவரம் சிங்கப்பூர் போர்க்குற்ற விசாரணைகள் என்ற இணைய வாயிலில் இலவசமாகக் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் எந்த நாட்டவர், சம்பவம் நடந்த இடம் எது என்று வைத்துத் தேடலாம். இந்த வரிசையின் முதல் வழக்கே, 1946 ஜனவரியில் தொடங்கிய கொசாவா சடாயிச்சி உள்ளிட்ட பத்துப் பேர் மீதான வழக்கே, இந்தியக் கைதிகளைப் பற்றியதுதான். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பாலாவ் தீவுக்கூட்டத்தின் பாபெல்துவாப்புக்குக் கொண்டுபோய்க் கொடுமைப்படுத்திய வழக்கு. உங்கள் தாத்தா பெயர் இதில் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பல் அடித்தட்டில் இந்தியச் சிப்பாய்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சியம் இருக்கிறது, வேறெங்கும் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது. இதோடு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படத் தொகுப்பையும் பார்த்துவிடலாம். 1945-ல் ரபாவுலிலும் நியூ கினியிலும் மீட்கப்பட்ட இந்தியக் கைதிகளின் படங்கள் இணையத்திலேயே உள்ளன. படக் குறிப்பில் சில இடங்களில் எண்ணோடு பெயரே இருக்கும்.

தாத்தா இந்தியத் தேசிய ராணுவத்துக்குப் போனவர் என்றால் ஆவணம் டெல்லிப் பக்கம் திரும்பிவிடுகிறது. திரும்பிவந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆங்கிலேயர் தரம் பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதப்பட்டவர் சம்பளம் இழந்து படையிலிருந்து நீக்கப்பட்டிருப்பார். வீட்டில் பென்ஷன் காகிதமே இல்லாததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து தேடலாம். தளத்தின் தேடுபொறி மந்தம், பெயர் வைத்துத் தேடுவதில் பலன் குறைவு. படைப்பிரிவின் பெயர், முகாமின் பெயர், ஆண்டு என்று தேடினால் கோப்பு அகப்படும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். அங்கே தனி ஆள் கோப்பு என்பது அதிகாரிகளுக்குத்தான். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் அட்டவணையே படுத்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் உள்ள இணைப்புகளை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மலேசியக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. "தாத்தா ஜப்பான்காரனுக்குக் கைதியா சயாம் ரயில் போட்டாரு" என்று வீட்டில் சொன்னால் அவர் பெரும்பாலும் போர்க்கைதி அல்ல, ரப்பர் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளி. சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளுக்குப் பட்டியல் உண்டு. அவர்களைவிட மூன்று மடங்கு இருந்த ஆசியத் தொழிலாளருக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. காஞ்சனபுரியில் போர்க்கல்லறைக்கு எதிரே உள்ள தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையம் கைதிக் குடும்பங்களுக்கு முகாம் முகாமாக இடம் காட்டிக் கொடுக்கும் அளவுக்குக் கெட்டிக்கார இடம். தோட்டத் தமிழரின் பெயரைக் கேட்டு அங்கே போக வேண்டாம். எந்த மைல்கல்லில் எந்த முகாம் இருந்தது என்ற விவரத்துக்காகப் போகலாம். பெயருக்குத் தோட்டத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு), அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த மற்றக் குடும்பங்கள், இந்த இரண்டும்தான் வழி.

கட்டண வம்சாவளித் தளங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இந்தியச் சிப்பாய்க்கு அவற்றில் இருப்பது, போர்க்கல்லறை ஆணையத்தில் இலவசமாக இருப்பதன் மறுபதிப்பே பெரும்பாலும். இலவசச் சோதனைக் காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, கார்டு தானாகப் பணம் கட்டும் நாளுக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். "கைதி ஆவணம் நிச்சயம்" என்று முன்பணம் கேட்கிற தனிநபர் ஆய்வாளரிடம், எந்தக் காப்பகம், எந்தக் கோப்பு எண் என்று கேளுங்கள். கோப்பு எண் சொல்லாதவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தரவுத்தளத்தில் பெயர் கிடைத்து நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்கள், கூடவே வரும் தூண் எண்ணையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். கிராஞ்சிப் போர்க்கல்லறையில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தில் 24,000-க்கு மேல் பெயர்கள், எண் இல்லாமல் தேடினால் பொழுது போய்விடும். கிராஞ்சி எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், நுழைவாயிலில் பதிவேட்டுப் பெட்டி இருக்கும். தூண்களில் பெயர் அகப்படாவிட்டால் அதோடு திரும்பக் கூடாது. சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர், தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. அது பெரிய நினைவகத்துக்கு நேர் பின்னால், முன்பக்கம் நின்றால் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.